பழி எஞ்சினுக்கு, கோளாறு டேங்க்கில்

“தரையில் ஜோராக ஓடுகிறது, மேலே தூக்கினால் நின்றுபோகிறது.” ரேடியோ கட்டுப்பாட்டு விமானம் பறக்கவிடுகிறவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் புகார் வராமல் இருக்காது. கேட்ட மாத்திரத்தில் எல்லோர் கையும் எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வைத் திருகத்தான் போகும். இங்கே நான் விவரிக்கும் விமானத்திலும் அதுதான் நடந்தது. நீடிலைத் திருகிப் பார்த்து, கலவையைப் பற்றவைக்கும் குளோ பிளக்கை மாற்றி, எரிபொருளை மாற்றி, கடைசியில் எஞ்சினையே மாற்றிவிடலாம் என்ற முடிவுக்கு வந்திருந்தார் அதைக் கட்டிய நண்பர். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

விமானமும் அதன் அமைப்பும்

சிறகு உடலின் அடியில் அமைந்த, வால்சக்கர வகை விமானம். பால்சா, பிளைவுட் கொண்டு வரைபடத்தைப் பார்த்துக் கட்டியது. எஞ்சின் 46 அளவு இரண்டு ஸ்ட்ரோக் குளோ எஞ்சின். அந்த 46 என்பது 0.46 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ 7.5 சிசி. 11×6 ப்ரொப்பெல்லர், 320 மில்லி பிளாஸ்டிக் டேங்க், புகை வெளியேறும் மஃப்ளரிலிருந்து டேங்க்குக்கு அழுத்தக் குழாய். எல்லாம் வழக்கமான ஜோடி.

வழக்கத்துக்கு மாறானது ஒன்றே ஒன்று. வரைபடத்தில் எஞ்சினின் தலை மேல்நோக்கி இருந்தது. மூக்கு மூடிக்கு மேலே சிலிண்டர் துருத்திக்கொண்டு நிற்பது நண்பருக்குப் பிடிக்கவில்லை. நிஜ விமானத்தின் சாயல் வேண்டும் என்று தாங்கிப் பிடிக்கும் மவுன்ட்டோடு சேர்த்து எஞ்சினைத் தலைகீழாகத் திருப்பி மூடிக்குள் அடக்கிவிட்டார். பார்க்க அருமையாகத்தான் இருந்தது. ஆனால் டேங்க் மட்டும் வரைபடம் காட்டிய இடத்திலேயே தங்கிவிட்டது.

அறிகுறிகள்

ஸ்டார்ட் செய்வதே பெரும்பாடு. எரிபொருள் நிரப்பிக் குழாயை மாட்டிய கொஞ்ச நேரத்தில் கார்புரேட்டர் வாயிலிருந்து சொட்ட ஆரம்பித்துவிடும். ப்ரொப்பெல்லரைக் கையால் சுற்றினால் ஓரிடத்தில் கெட்டியாக முட்டி நிற்கும். தலைகீழ் எஞ்சினில் சிலிண்டர் தலைதான் எல்லாவற்றுக்கும் கீழே இருக்கிறது. உள்ளே இறங்கும் எரிபொருள் நேராகக் குளோ பிளக்கின் மேல் போய்த் தேங்கும். பிளக் நனைந்து அணைந்துபோவதோடு விஷயம் முடிவதில்லை. திரவத்தைப் பிஸ்டனால் அழுத்த முடியாது. அந்த நிலையில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்து அமுக்கினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நண்பருக்கு ஸ்டார்ட்டருக்கு முன்னால் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்ததால் எஞ்சின் தப்பித்தது.

ஒருவழியாக ஸ்டார்ட் ஆன பிறகு, முதல் சில நிமிடம் கலவையில் எரிபொருள் அதிகமாகி எஞ்சின் குமுறிக்கொண்டு ஓடும், வெள்ளைப் புகை கக்கும். நடுவில் நன்றாக ஓடும். டேங்க் குறையக் குறையச் சத்தம் கூர்மையாகிச் சூடேறும். விமானத்தைக் குப்புறப் பறக்கவிட்டால் தொய்ந்துவிடும். செங்குத்தாக ஏற்றினால், டேங்க் நிறைந்திருக்கும்போது ஏறிவிடும், பாதிக்குக் கீழே போனபின் ஒருமுறை கூர்மையாக வீறிட்டு அப்படியே நின்றுவிடும்.

இவற்றோடு இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் அறிகுறியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. நீடில் ஒன்றேகால் சுற்றுதான் திறந்திருந்தது. இந்த மாதிரி எஞ்சின் அதே எரிபொருளில், அதே ப்ரொப்பெல்லரோடு இரண்டு சுற்றுக்குப் பக்கத்தில் ஓடவேண்டும். நீடிலை இவ்வளவு மூடினால்தான் எஞ்சின் சரியாக ஓடுகிறது என்றால், எங்கிருந்தோ எரிபொருள் கேட்காமலே வந்து சேர்கிறது என்று அர்த்தம்.

அளந்து பார்த்தது

மூடியைக் கழற்றி, விமானத்தைப் பறக்கும் நிலையில் மட்டமாக வைத்து, இரண்டு உயரங்களை அளந்தோம்: ஸ்ப்ரேபாரின் மையம், டேங்க்கின் மையம். ஸ்ப்ரேபார் என்பது கார்புரேட்டரின் குறுக்கே எரிபொருள் வெளிப்படும் அந்தச் சின்னக் குழாய். பொதுவான விதி, டேங்க்கின் மையம் ஸ்ப்ரேபாருக்கு நேராகவோ, அதற்கு ஒரு சென்டிமீட்டர் வரை கீழாகவோ இருக்கவேண்டும். கீழே என்றால் பரவாயில்லை, மேலே என்றால் வம்பு.

இந்த எஞ்சினில் ஸ்ப்ரேபார் கிராங்க்ஷாஃப்ட்டின் மையக்கோட்டிலிருந்து 22 மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது. தலை மேலே இருந்தால் அது கோட்டுக்கு 22 மேலே. டேங்க்கின் மையம் கோட்டுக்கு 12 மேலே. ஆக, டேங்க் 10 மில்லிமீட்டர் கீழே, வரைபடம் போட்டவர் கச்சிதமாகத்தான் போட்டிருக்கிறார். எஞ்சினைத் திருப்பியதும் ஸ்ப்ரேபார் கோட்டுக்கு 22 கீழே போய்விட்டது. டேங்க் இருந்த இடத்திலேயே. இப்போது டேங்க்கின் மையம் ஸ்ப்ரேபாரைவிட 34 மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கிறது.

டேங்க்கின் உயரம் 60 மில்லிமீட்டர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். முழுக்க நிரப்பினால் எரிபொருளின் மட்டம் ஸ்ப்ரேபாருக்கு 64 மில்லிமீட்டர் மேலே. கடைசிச் சொட்டு வரும்போதுகூட 4 மேலே. அதாவது இந்த டேங்க் முழுதும் காலியாகும்வரை தானாகவே கீழ்நோக்கி வடிந்துகொண்டிருக்கும். ஸ்டார்ட்டுக்கு முன் சொட்டுவதற்கும், உள்ளே தேங்குவதற்கும் வேறு காரணம் தேட வேண்டியதில்லை. விமானம் குப்புறத் திரும்பினால் எல்லாம் தலைமாறும். அதே பாதி டேங்க் இப்போது 34 மில்லிமீட்டர் கீழிருந்து எரிபொருளை மேலே இழுக்கவேண்டும்.

இத்தனை சிறிய உயரத்துக்கு எஞ்சின் ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காரில் எரிபொருளை அனுப்பப் பம்ப் இருக்கிறது. இங்கே கார்புரேட்டர் குழலில் காற்று ஓடுவதால் உண்டாகும் மெல்லிய உறிஞ்சலும், மஃப்ளரிலிருந்து வரும் கொஞ்சம் அழுத்தமும்தான். சக்தி வேண்டும் என்பதற்காகக் குழலை அகலமாக வைக்கிறார்கள், அகலமானால் உறிஞ்சல் குறையும். அதோடு இந்த எஞ்சின்களின் எரிபொருளான மெத்தனால் பெட்ரோலைப் போலல்ல. பெட்ரோல் முழுதாக எரிய எடையில் 14.7 மடங்கு காற்று வேண்டும், மெத்தனாலுக்கு ஏறத்தாழ 6.5 மடங்கு போதும். அதே காற்றுக்கு இரண்டு மடங்குக்கும் மேல் எரிபொருள் ஓடியாக வேண்டும். இத்தனையும் ஒரு மெல்லிய சிலிகான் டியூபில்.

இன்னொன்று, ரே ஆர்டன் 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த குளோ பிளக் மிக எளிமையான சாதனம். பிளாட்டினக் கலவைக் கம்பிச் சுருள், மெத்தனால் ஆவியோடு வினைபுரிந்து தானே கனன்றுகொண்டிருக்கும். பற்றவைக்கும் நேரத்தை முன்னே பின்னே நகர்த்த தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. எரிபொருள் குறைந்து கலவை மெலிந்தால் சூடு ஏறும், எரிதல் முன்கூட்டியே தொடங்கிவிடும், சூடு இன்னும் ஏறும். அந்தக் கடைசி வீறிடல் இதுதான்.

ஆக, நண்பர் நீடிலைத் தரையில் சரிசெய்தபோது, மேலிருந்து வடியும் எரிபொருளுக்கு ஈடாகத்தான் அதை மூடிக்கொண்டே போயிருக்கிறார். தரையில் அது சரியான அளவு. விமானம் நிலை மாறியதும் வடிதல் நின்றுபோகிறது, மூடிய நீடில் மட்டும் அப்படியே இருக்கிறது.

முதல் திருத்தம்: டேங்க்கை இறக்குவது

வழிகள் சில இருந்தன. எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஸ்ப்ரேபார் மையக்கோட்டு உயரத்துக்கு வந்துவிடும், டேங்க்கோடு வித்தியாசம் 12 மில்லிமீட்டராகக் குறையும். என்னைக் கேட்டால் அதுதான் சுலபமான வழி. ஆனால் மூடியில் புதிதாக ஓட்டை போடவேண்டும், நண்பர் ஒப்புக்கொள்ளவில்லை. பம்ப் வைக்கலாம். அது வேலை செய்யும், ஆனால் பழுதாக இன்னொரு பொருள் கூடுகிறது, அதுவும் இந்த அளவு எஞ்சினுக்கு அநாவசியம். கம்பியில் பிடித்துத் தம்மைச் சுற்றிப் பறக்கவிடும் கட்டுக்கம்பி விமானக்காரர்கள் வைக்கும் யூனிஃப்ளோ முறையும் உண்டு. காற்றுக்குழாயின் முனையை டேங்க்குக்குள் எரிபொருள் உறிஞ்சும் முனைக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டால், டேங்க் நிறைந்திருந்தாலும் குறைந்தாலும் அழுத்தம் மாறாது. நல்ல முறைதான். ஆனால் தப்பான உயரத்தில் இருக்கும் டேங்க்கை அது சரியான உயரத்துக்குக் கொண்டுவராது.

எனவே டேங்க்கையே இறக்கினோம். அதன் கீழே பிளைவுட் தட்டு, தட்டுக்கும் கீழே ரேடியோ ரிசீவரின் பேட்டரி. தட்டை அறுத்தெடுத்துவிட்டு, அதே நீளம், ஆனால் 45 மில்லிமீட்டர் உயரமே உள்ள 260 மில்லி டேங்க்கை அடித்தளத்தில் வைத்தோம். கீழே 5 மில்லிமீட்டர் ஸ்பாஞ்ச். டேங்க்கின் மையம் இப்போது ஸ்ப்ரேபாருக்குக் கிட்டத்தட்ட நேராக வந்தது. பேட்டரியை டேங்க்குக்கு மேலே, காலியான இடத்தில், பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்தோம். பேட்டரி முன்னும் பின்னும் நகராததால் எடைமையம் பெரிதாக மாறவில்லை. இருந்தாலும் காலி டேங்க்கோடு தூக்கிப் பார்த்தோம். சிறகின் அகலத்தில் முன்விளிம்பிலிருந்து 28 சதவீதத்தில் நின்றது, வரைபடமும் அதையே சொல்கிறது. இந்தச் சோதனையை டேங்க்கை நிரப்பிவிட்டுச் செய்கிறவர்கள் உண்டு. மூக்கில் இருக்கும் 200 கிராமுக்கு மேற்பட்ட எரிபொருள் தீர்ந்தபின் அந்த விமானம் எப்படிப் பறக்கும் என்று அவர்கள் யோசிப்பதில்லை.

ஸ்பாஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய டேங்க் தட்டின்மேல் நேரடியாக உட்கார்ந்து, பின்பக்கம் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினின் அதிர்வு மரத்தின் வழியே அப்படியே டேங்க்குக்குப் போய் எரிபொருளை நுரையாக்கிவிடும். டேங்க் நாலு பக்கமும் மென்மையான ஸ்பாஞ்சில் மிதக்கவேண்டும். இறுக்கி அடைத்தால் ஸ்பாஞ்ச் வைத்தும் பயனில்லை, விரலால் அழுத்தினால் டேங்க் கொஞ்சம் அசைய வேண்டும்.

எஞ்சின் தலைகீழ் என்பதற்காக டேங்க்கையும் தலைகீழாக வைக்கும் வேடிக்கையையும் பார்த்திருக்கிறேன். டேங்க்குக்கு எஞ்சின் எப்படி நிற்கிறது என்பது தெரியாது. உள்ளே வளைத்துவிட்ட காற்றுக்குழாய் விமானத்தின் மேல்பக்கத்தைத்தான் பார்க்கவேண்டும். அழுத்தக் குழாயை மட்டும் டேங்க்குக்கு மேலே ஒரு வளையமாக ஏற்றி மஃப்ளருக்கு இறக்கினோம். எஞ்சினைத் திருப்பியதில் வலப்பக்கம் இருந்த மஃப்ளர் இடப்பக்கம் கீழே போய்விட்டது. வளையம் இல்லாவிட்டால் நிறைந்த டேங்க் அதற்குள்ளேயே வடிந்துவிடும்.

பாதி தீர்ந்தது

சொட்டுவது நின்றது. ஸ்டார்ட் சுலபமாயிற்று. நீடில் ஒன்றேமுக்கால் சுற்றுக்கு மேல் திறந்தது. குப்புறப் பறப்பதில் தொய்வில்லை. ஆனால் டேங்க் பாதியானபின் செங்குத்தாக ஏற்றினால் எஞ்சின் அதேபோல நின்றது.

செங்குத்து ஏற்றத்தின் கணக்கு வேறு. மூக்கு மேலே போனதும் டேங்க் முழுவதும் எஞ்சினுக்குக் கீழே வந்துவிடுகிறது. இங்கே கார்புரேட்டரிலிருந்து டேங்க்கின் முன்முனை 75 மில்லிமீட்டர், டேங்க்கின் நீளம் 115. பாதி டேங்க்கில் எரிபொருள் மட்டம் ஏறத்தாழ 132 மில்லிமீட்டர் கீழே. இதை உயரத்தை மாற்றித் தீர்க்க முடியாது. இந்த இழுவையைச் சமாளிக்கத்தான் மஃப்ளர் அழுத்தமே இருக்கிறது. 46 அளவு எஞ்சின்களில் அது தாராளமாகச் சமாளிக்கும், அப்படியிருக்க இங்கே ஏன் முடியவில்லை?

தரையிலேயே அதை வரவழைத்தோம். உதவிக்கு ஒருவர் விமானத்தைப் பின்னாலிருந்து பிடித்து, முழு த்ராட்டிலில் மூக்கை மேலே தூக்கவேண்டும். ப்ரொப்பெல்லர் சுழலும் தளத்தில் யாருமே நிற்கக்கூடாது, தளர்ந்த சட்டைக் கை கூடாது. இந்தச் சோதனையை எல்லோரும் செய்கிறார்கள், ஆனால் டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும். அப்போது இந்த விமானமும் தேறிவிட்டது. பாதி டேங்க்கில் தூக்கியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது: நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று காட்டும் டாக்கோமீட்டரில் 11,600-லிருந்து 12,000-க்குத் தாவி, சட்டென்று சரிந்தது. அந்த நேரம் எரிபொருள் டியூபில் குமிழிகள் ஓடின.

குமிழியைப் பார்த்தால் அது எந்த வகை என்று கவனிக்கவேண்டும். பால் போல வெளுத்து, எண்ண முடியாத சின்னச் சின்னக் குமிழிகளாக வந்தால் அது நுரை, அதிர்வின் வேலை. இங்கே வந்தது அதல்ல. மணிமணியாக, இடைவெளி விட்டு, ஒரே அளவில் வந்தன. விமானத்தை மட்டமாக்கியதும் நின்றன. எங்கோ ஓர் ஓட்டை இருக்கிறது, அது மூக்கு மேலே இருக்கும்போது மட்டும் எரிபொருளைவிட்டு வெளியே வருகிறது.

டேங்க்கை வெளியே எடுத்துக் குழாய்களை அடைத்து, தண்ணீரில் முக்கி ஊதினோம். ஒரு குமிழிகூட இல்லை. பலர் இதோடு டேங்க் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். ஆனால் இந்தச் சோதனை டேங்க்கின் சுவரையும், அதன் வாயை அடைக்கும் ஸ்டாப்பரையும் மட்டும்தான் பார்க்கிறது. உள்ளே க்ளங்க் எடையை, அதாவது எரிபொருள் உறிஞ்சும் கனமான முனையை, சுமந்து தொங்கும் டியூப் அதற்குத் தெரியாது. ஸ்டாப்பரைத் தனியே உருவி, க்ளங்க்கின் வாயை விரலால் மூடி, பித்தளைக் குழாய் வழியே ஊதித் தண்ணீரில் வைத்ததும், சிலிகான் டியூப் பித்தளைமேல் ஏறும் இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து காற்று வந்தது.

டியூபை உருவிப் பார்த்தபோது காரணமும் கூடவே கிடைத்தது. பித்தளைக் குழாயைக் கட்டரால் வெட்டியபின் விளிம்பை ராவித் தேய்க்கவில்லை. விரலால் தடவினால் நகத்தில் கீறும் அளவுக்குப் பிசிறு. க்ளங்க் ஒவ்வொரு திருப்பத்திலும் டியூபை அந்த விளிம்பின்மேல் வளைத்து வளைத்து அறுத்திருக்கிறது. ஓட்டை டேங்க்கின் முன்பக்கத்தில் இருப்பதால், நிறைந்த டேங்க்கில் மூக்கு மேலே போனாலும் எரிபொருளுக்குள் மூழ்கியே இருக்கும். பாதியானபின் எரிபொருள் பின்னால் ஓடிவிடும், ஓட்டை காற்றைக் குடிக்கத் தொடங்கும். மட்டமாகப் பறக்கும்போது டேங்க் தீரும் தறுவாயில் எஞ்சின் சூடேறியதற்கும் இதுவே பாதிக் காரணம்.

டேங்க்கை மாற்றியபோது இது எப்படிக் கூடவே வந்தது? இரண்டு டேங்க்கின் வாயும் ஒரே அளவு, நீளமும் ஒன்றே. ஆகவே பழைய ஸ்டாப்பரை டியூபோடு அப்படியே புதியதில் மாட்டியிருந்தோம்.

குழாய் விளிம்பை நைஸ் உப்புத்தாளால் உருட்டித் தேய்த்து, புது சிலிகான் டியூப் போட்டு, க்ளங்க் பின்சுவரைத் தொடாமல் 8 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கும்படி வெட்டினோம். நீளமாக விட்டால் சுவரில் ஒட்டிக்கொள்ளும், அல்லது வேகமாக மூக்கைக் கீழே குத்தும்போது முன்னால் மடிந்து அங்கேயே சிக்கிக்கொள்ளும். டேங்க்கைக் குலுக்கினால் க்ளங்க் நாலு மூலைக்கும் போய் ‘டக் டக்’ என்று தட்டும் சத்தம் கேட்கவேண்டும்.

இடையில் கண்ணில் பட்டவை

எஞ்சின் கழற்றியிருந்ததால், மவுன்ட் பொருந்தும் முன்பலகையான ஃபயர்வாலையும் பார்த்தோம். 6 மில்லிமீட்டர் பிளைவுட், மேலே எப்பாக்ஸி பூசியிருந்தது. ஆனால் போல்ட் துளைகளின் உள்ளே பூசவில்லை. துளையைச் சுற்றி மரம் எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது. அங்கிருந்துதான் மரம் மெத்து மெத்தென்றாகிப் போல்ட்டுகள் தளர ஆரம்பிக்கும். எண்ணெயை ஆல்கஹாலால் துடைத்து எடுத்து, காயவைத்து, மெல்லிய எப்பாக்ஸியைத் துளைக்குள் குச்சியால் தடவினோம். டேங்க் வாய்க்காக இருந்த பழைய பெரிய துளையைப் பிளைவுட் வட்டால் அடைத்து, குழாய்களுக்கு மட்டும் கீழே சின்னத் துளைகள்.

மவுன்ட்டைத் திருப்புகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்கவேண்டும். எஞ்சினை வலப்பக்கமும் கீழ்ப்பக்கமும் இரண்டு டிகிரி போலச் சாய்த்து வைப்பது வழக்கம். அந்தச் சாய்வு ஃபயர்வாலில் இருந்தால் பிரச்சினை இல்லை. மவுன்ட்டிலேயே வார்த்திருந்தால், திருப்பியதும் வலது இடதாகும், கீழ் மேலாகும். அப்புறம் விமானம் த்ராட்டில் கொடுக்கும்போதெல்லாம் இழுத்துக்கொண்டு போகும், அதற்கும் ரேடியோவைத்தான் சந்தேகிப்பார்கள். இதில் நல்லவேளையாகச் சாய்வு ஃபயர்வாலில் இருந்தது.

இப்போதைய நிலை

நீடில் இரண்டு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகத் திறந்திருக்கிறது. மட்டத்தில் 11,500, பாதி டேங்க்கில் மூக்கைத் தூக்கினால் 11,700-க்கு ஏறி அங்கேயே நிற்கிறது. எரிபொருள் டியூபை ஒரு நொடி கிள்ளிவிட்டால் சுற்று லேசாக ஏறி இறங்குகிறது, கலவையில் இன்னும் கொஞ்சம் தாராளம் இருக்கிறது என்பதற்கு அடையாளம். டேங்க் நிறைந்திருக்கும் முதல் நிமிடம் மட்டும் எரிபொருள் கொஞ்சம் அதிகமாகவே போகிறது. மட்டம் மையத்துக்கு 22 மில்லிமீட்டர் மேலே நிற்பதால் அது இருக்கத்தான் செய்யும், நீடிலைத் திருகி அதைத் துரத்தவேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

தலைகீழ் எஞ்சினுக்கே உரிய ஒரு தொல்லை மிச்சம் இருக்கிறது. ஐட்லிங்கில், அதாவது குறைந்த சுற்றில் சும்மா ஓடும்போது, எண்ணெய் பிளக்கின்மேல் இறங்கி அதைக் குளிரவைக்கிறது. தரையிறங்கும்போது எஞ்சின் சிலநேரம் அணைகிறது. த்ராட்டில் குறையும்போது பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன பேட்டரி அமைப்பை விமானத்திலேயே வைக்கலாம் என்று நண்பர் யோசித்துக்கொண்டிருக்கிறார். அதுவரை ஐட்லிங்கை 2,500-க்குப் பதில் 2,800-இல் வைத்திருக்கிறார். டேங்க் 60 மில்லி சிறியதாகிவிட்டதால் ரேடியோவின் டைமரையும் 7 நிமிடத்துக்குக் குறைத்தாயிற்று.